வாயிற்கூட்டம் இல்லாத படம்

கீறல் விழுந்த பழைய சினிமா டிவிடி ஒன்று, தன் படத்தை ஒரு காலி டிவிடியிடம் ஒப்படைக்க வந்தது. இன்னும் ஒருமுறை ஓடத்தான் அதற்குத் தெம்பிருந்தது. ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய படம் அது. ஆனால் காலி டிவிடிக்குக் கொள்ளளவு சற்றுக் குறைவு. நகலெடுக்கும் பெட்டி நடுவில் இருந்து பேரம் பேசியது.

"பெரியவரே, முழுசா அடங்காது. எதை வெட்டலாம், சொல்லுங்க."

"பாட்டை எடுத்துடு."

"பாட்டில்லாம எவன் பார்ப்பான்?"

"அப்போ சண்டையை எடு."

"விசிலே அதுக்குத்தானே விழுது! அந்த வாயிற்கூட்டம் வருதே, ஆலை வாசல்ல நின்னு ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காரே, அதைத் தூக்கிட்டா கச்சிதமா அடங்கும்."

"அடப்பாவி, கோரிக்கையே அதிலதான்டா இருக்கு!"

காலி டிவிடி சமாதானம் சொன்னது. "கவலைப்படாதீங்க ஐயா. உங்க கொடியில ஒண்ணைக்கூட விடாம வாங்கிக்கிறேன்."

பெட்டிக்குள் இரண்டும் சுழன்றன. பழைய டிவிடி கடைசியாக ஓடி முடித்து, உறைக்குள் போய்ப் படுத்தது.

மறுநாள் புதிய டிவிடி ஊராருக்கு முன்னால் ஓடியது. கொடிகள் பறந்தன. பாட்டு வந்தது. தடியடி நடந்தது. தலைவன் செத்தான், மாலைகள் விழுந்தன. பார்த்தவர்கள் அழுதுகொண்டே கைதட்டினார்கள்.

ஓடி முடித்துத் திரும்பிய புதியதிடம் உறைக்குள் இருந்து பழையது கேட்டது. "அவன் எதுக்காகச் செத்தான்னு யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல ஐயா. நல்லவேளை," என்றது புதியது. "கேட்டிருந்தா எனக்கும் தெரியாது."