ஆளுக்கொரு கடலை

"விறகு டின்னுலதான் போடணும். மாத்திப் போட்டது யாருன்னு தெரிஞ்சா, தொலைஞ்சாங்க!"

தலைவர் கணேசமூர்த்தி போட்ட சத்தத்தில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையே அதிர்ந்தது.

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நேரே வந்திருந்த, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குச் சனம் மொத்தமும் தலையாட்டியது. சண்முகவடிவும் ஆட்டினாள். கைக்குள் ஓட்டுக்கு ஒரு காய்ந்த கடலை.

எல்லாம் பாரஸ்ட் ஆபிஸ் மிஸ் நிலக்ஷியின் ஏற்பாடு. சேலை மறைப்புக்குப் பின்னால் இரண்டு டின். ஒன்றில் விறகுப் படம், மற்றதில் தண்ணீர்ப் படம்.

"காட்டால கிடைக்கிறதுல உங்களுக்கு எது முக்கியமோ அதுல கடலையைப் போடுங்க. விறகு ஜெயிச்சா ஊத்துப் பக்கம் விறகுக்குப் போகலாம். தண்ணி ஜெயிச்சா, ஊத்து வத்தாம இருக்க அந்தப் பக்கம் யாரும் கத்தியோட போகக் கூடாது. நீங்க சொல்றதுதான் திட்டம்."

அந்த ஊற்று ஓடுவது கீழ்க்கணக்குக்கு. மேல்கணக்குக்கு வேறு பைப்பு. காமன் கூத்துத் திருவிழாவில் அடிதடியானதிலிருந்து இரண்டு கணக்கும் முகம் பார்ப்பதில்லை.

"அவனுங்க பைப்பு காஞ்சா நமக்கென்ன?"

"காயட்டும் தலைவரே!" அழகுமுத்து விசிலடித்தான்.

வடிவு மறைப்புக்குள் போனாள். பைப்பில் தண்ணி குறைந்துபோன கீழ்க்கணக்கு மேட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி தண்ணிக் கேனோடு மூச்சிரைக்க ஏறியது கண்ணிலேயே நின்றது. ஊற்றுப் பக்கத்தை அடைத்தால், விறகுக்கு மலையைச் சுற்றித்தான் போகவேண்டும். முதுகு ஒடியும்.

ஒடியட்டும். தண்ணி டின்னில் போட்டாள். டங்கென்றது.

"ஒழுங்காப் போட்டியா, வடிவு?" வெளியே வந்தவளைத் தலைவர் மறித்தார்.

"பின்ன? எங்க வீட்டு அடுப்பு எரிய வேணாமா?"

கடைசியாகத் தலைவர் போனார். மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

மிஸ் தண்ணி டின்னைக் கவிழ்த்தாள். கடலை மேசை நிறையச் சிதறி உருண்டது.

"துரோகிங்களா!" தலைவர் குதித்தார். "யாருடா அது?"

"ஐயோ, நான் விறகுலதாங்க போட்டேன்!" நாகலெட்சுமி தாலியைத் தொட்டாள்.

"நானும்!" "சாமி சத்தியமா நானும்!"

வடிவும் கத்தினாள். அவள் ஒருத்தி போட்டது ஒன்றுதானே, இவ்வளவு எப்படி?

"பொறுங்க, விறகையும் பாத்துருவோம்."

கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. தட்டினாள். குலுக்கினாள். டின் காலி.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அத்தனை கண்ணும் ஒரே ஆள்மேல் திரும்பின.

"தலைவரே," அழகுமுத்து மெதுவாகக் கேட்டான், "உங்க கடலை எங்க?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பசிச்சுது. தின்னுட்டேன். போடா!"