பதினெட்டு புள்ளி நான்கு

“இன்னும் எவ்ளோ நேரம்டா ஊத்திக்கினே இருப்ப? அபிஷேகமா பண்ற?” என்றாள் பக்கத்து மேசை சங்கரி.

ஜோசுவா அளவுக் குழாயின் திருகை மெல்லத் திருப்பினான். பியூரெட்டிலிருந்து ஆசிட் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விழுந்துகொண்டிருந்தது. குடுவையின் ரோஸ் நிறம் சட்டென்று மறைய வேண்டும். மூன்றாவது முறையாக அது மறைய மறுத்தது.

“சாயம் போடற எங்கப்பா பாத்தா இந்த ரோஸைப் பட்டுக்கே போட்டுடுவாரு. அசைய மாட்டேங்குது பாரு!” என்று சிரித்தாள் சங்கரி.

மற்ற எல்லோரும் எப்போதோ முடித்துவிட்டார்கள். மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், குமரகுரு சார் எழுதி இணையத்தில் ஏற்றிய லேப் மேனுவல் செல்போனில் திறக்கும். செய்முறை, படம், மாதிரிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. மாதிரிக் கணக்கில் நிறம் மறையத் தேவையான ஆசிட் அளவு 18.4 மில்லி. வகுப்பில் இருபத்தொன்பது பேருக்கும் அதே 18.4 வந்திருந்தது. விஞ்ஞானம் பொய் சொல்லாது.

“நீயும் பதினெட்டு புள்ளி நாலுன்னு போட்டுட்டு வாப்பா.”

“போன பிராக்டிகல்ல உன்னைப் பாத்து எழுதித்தான் மாட்டிக்கினு ஜீரோ வாங்கினேன். இதுவும் போச்சுன்னா பரீட்சையே எழுத விடமாட்டாங்க.”

லேப் அட்டெண்டர் முனுசாமியிடம் கேட்கலாமென்றால், காலையில் ஆசிட் பாட்டில்களை மேசைக்கு மேசை வைத்துவிட்டு வெளியே போனவரை இன்னும் காணோம். ஜோசுவா பெருமூச்சு விட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினான்: ‘ஐம்பது மில்லி ஊற்றியும் நிறம் மாறவில்லை.’

இருபத்தொன்பது நோட்டுகளில் சரசரவென்று டிக் போட்டு வந்த குமரகுரு சார், முப்பதாவது நோட்டில் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் ஏன் வரலை?”

“தெரியலை சார். மூணு தடவை செஞ்சேன்.”

“அப்ப என் மேனுவல் தப்பா? இன்னைக்குக் காலையில இதே பாட்டில்லேர்ந்து எடுத்து நானே செஞ்சு பாத்தேன். பதினெட்டு புள்ளி நாலு. ஒரு சொட்டு கூடலை, குறையலை.”

சார் சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒரு முட்டை போடக் குனிந்தார்.

அப்போது முனுசாமி வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்து, கையிலிருந்த கேனைத் தரையில் வைத்தார்.

“கோச்சிக்காதீங்க சார், ஐயம்பேட்டைகிட்ட ஆட்டோ நின்னுபோச்சு, ஆசிட் இப்பத்தான் வருது. பாட்டில்லலாம் காலையிலேர்ந்து வெறும் தண்ணிதான் ஊறிக்கினு இருக்குது, கொட்டிட்டு இதை ஊத்திடட்டுமா?”