வேலிக்கு வெளியே சித்தி

அரசாங்கம் கரும்புக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்ட நிலத்தின் வாசலில், காவலாளிச் சட்டையோடு தோயுன் நிற்கிறான். வெயில் கரும்புத் தோகைகளில் பளபளக்கிறது. வேலிக்கு வெளியே, தாயில்லாத அவனை வளர்த்த சித்தி சாவொன். இன்று பச்சும் பென், முன்னோருக்குச் சோறு படைக்கும் நாள். சித்தப்பாவைப் புதைத்த இடம் உள்ளே கரும்புக்கு நடுவில் இருக்கிறது. வாழையிலையில் பொதிந்த சோற்றுருண்டைகள் அவள் கையில் ஆவி விடுகின்றன. “யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு, சித்தி,” என்கிறான், பூட்டைப் பார்த்தபடி. “சரிங்க ஐயா,” என்கிறாள் அவள். “என்னைப் போயி ஐயான்னு கூப்புடுறியே!” கம்பிகளுக்கிடையே அவள் பொட்டலத்தை நீட்டுகிறாள். “நீங்களே அவருக்கு வச்சிடுங்க. ஒரு உருண்டை நீங்களும் சாப்பிடுங்க. முகம் வாடிக் கிடக்கு.” இரு கைகளையும் ஏந்தி அவன் வாங்கிக்கொள்கிறான். தலை நிமிரவில்லை.