யாரும் பார்க்காத நாள்

மனிதர் யாரும் நேரில் பார்க்காத நாள் வாழ்ந்த நாளாகாது என்று சட்டம் வந்தபின், குளோரிக்கு வயது மெதுவாகத்தான் ஏறியது. பிறந்து அறுபத்தெட்டு வருடமாகியும் பதிவேட்டில் அறுபத்தைந்துதான். முழங்கால் வலியில் இந்த வாரம் அவள் மூன்று மாடி இறங்கவே இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல் பதிவு அலுவலகத்துப் பெண் ஃபோனில் அழைத்தாள்.

"இன்னைக்கு உங்கள யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"இந்தா, தெருநாய் படியேறி வந்து என்னையத்தான் பாக்குது. எழுதிக்கோ."

"மனுசங்க பாத்தாத்தாம்மா செல்லும்."

"நீ பேசுதியே தாயி."

"குரலத்தானம்மா கேக்கேன்." பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இன்னைக்கும் இல்லன்னே போட்டுருதேன்."

குளோரி ஃபோனை வைத்துவிட்டு, வாசலில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்ற நாயிடம் சொன்னாள்.

"நான் பாத்தா நீ இருக்கியாம். நீ பாத்தா நான் இல்லியாம். கேட்டியா கதைய?"

நாய் வாலாட்டியது. அவள் ஒரு பொறையை டீயில் நனைத்து நீட்டினாள். தின்று முடித்த பிறகும் அது அவள் கையை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

நாய் போன பிறகு, யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்பதுபோல, அந்த ஈரக் கையைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.