குரலுக்குத் திறக்கும் பெட்டி

எங்கள் ஊரில் எய்ட்ஸ் வராமல் காக்கும் ஊசியைப் பியூட்டி பார்லரிலேயே போடுகிறார்கள். புருவம் திருத்த வரும் பெண் கையை நீட்டினால் போதும். சுவரில் இருக்கும் பெட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுவிடும், பேர் கேட்காது. ஆனால் பார்லர்காரியின் குரலுக்கு மட்டுமே திறக்கும். எங்கள் வீட்டு முன்னறையும் ஒரு பார்லர்தான்; அங்கிருக்கும் பெட்டி என் மனைவி நறுமுகையின் குரலுக்குத் திறந்தது. அவள் விபத்தில் இறந்து ஒரு மாதம் ஆகிறது.

நேற்று காலை கோகிலவாணி கதவைத் தட்டினாள். லாரி டிரைவரின் மனைவி.

"புருவம் எடுக்கணுங்ண்ணா."

"அக்கா இல்லையேம்மா."

"தெரியுங்ண்ணா. அவரு நாளைக்கு நாக்பூர்ல இருந்து வர்றாருங்க. எனக்கு ஊசித் தவணை தாண்டிருச்சு."

"ஆஸ்பத்திரியில போடுவாங்களே?"

"அங்க சீட்டுக் குடுக்கறதே என்ற நாத்தனாருங்க. நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, பொண்டாட்டி உன்னையச் சந்தேகப்படறான்னு அவருக்குப் போன் போயிரும்."

நான் பெட்டியிடம் பேசிப் பார்த்தேன். அது திறக்கவில்லை.

"அக்கா குரலு உங்க போன்ல இருக்குமுங்களே?"

இருந்தது. இறந்த அன்று அவள் அனுப்பியது. நான் இதுவரை அதைக் கேட்கவில்லை. கோகிலவாணி ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். போனைப் பெட்டியருகே பிடித்து அழுத்தினேன்.

"வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி மறந்துராதீங்க."

பெட்டி திறந்தது.

அவள் கையைத் தேய்த்துக்கொண்டே போனபோது, வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அழுத்தினேன். தயிர் என்று சொல்வதற்கு முன் நறுமுகை லேசாகச் சிரித்திருக்கிறாள். அது இரண்டாம் முறை கேட்டபோதுதான் தெரிந்தது.