நடுவில் தொங்கிய துண்டு

கால்பந்து ரசிகர்களின் கழுத்துத் துண்டுகள் மூன்று, துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நீலம் ஒரு அணி. சிவப்பு அதன் பரம எதிரி. நடுவில் தொங்கியது மட்டும் பாதி நீலம், பாதி சிவப்பு.

"ஜெயிக்கிற பக்கம் சாயத்தானே இந்த வேஷம்?" என்றது சிவப்பு.

"வெட்கங்கெட்டது, தள்ளித் தொங்கு!" என்றது நீலம்.

இளவெயிலில் கண் சொக்கி ஆடிக்கொண்டிருந்தது நடுத்துண்டு. "யார் ஜெயிச்சாலும் தோக்கிறதும் நான்தானே? எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் என்னில் பாதி துள்ளும், பாதி அழும்."

போன ஞாயிறு ஐந்து கோல் வாங்கித் தோற்ற ஈரம் நீலத்துக்கு இன்னும் காயவில்லை. மெல்லக் கேட்டது: "அழுற பாதியை என்ன பண்ணுவே?"

"துள்ளுற பாதியால போர்த்திக்குவேன்."

காற்று வீசியது. நீலம் தன் இரண்டு முனைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இரண்டும் நீலமாகவே இருந்தன.