கொலைகாரன் பிடிக்கக் கூடாத சிகரெட்

ஹாலிவுட் ஸ்டூடியோவில் அந்த வாரத் துப்பறியும் தொடருக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நேரடி ஒளிபரப்பு. ஆளைக் காரால் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனவனைத் துப்பறிவாளர் பிடிக்கும் கதை.

தொடரின் செலவை ஏற்கும் சிகரெட் கம்பெனியின் ஆள் டில்மன் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. எல்மர், அதைக் கீழ போடுங்க."

வில்லனாக நடிக்கும் எல்மர் தன் விரல்களைப் பார்த்தார். "எதை சார்?"

"கொலைகாரன் நம்ம சிகரெட்டைப் பிடிக்கக் கூடாது. எத்தனை வாரம் சொல்றது? கை சும்மா இருக்காதுன்னா நகத்தைக் கடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். துப்பறிவாளராக நடிக்கும் வார்ட் மெக்கென்னா மட்டும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மூடுபனியில் அவர் கார் ஒரு பால்காரரை இடித்திருந்தது. அவர் நிற்கவில்லை. பாட்டில்கள் உடைந்த சத்தம் மட்டும் கூடவே வந்தது. பால்காரர் இறந்துபோனதை மறுநாள் பேப்பரில் படித்தார். வெளியே தெரிந்தால் தொடர் போகும், பிறகு ஜெயில்.

கடைசிக் காட்சி. வார்ட் வழக்கம்போல சிகரெட்டை உதட்டில் வைத்தார். 'தப்பு செஞ்சவன் ரொம்ப தூரம் போக முடியாது' என்று சொல்லிப் பற்றவைக்க வேண்டும்.

டில்மன் நேரே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அவரைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இதைத் தொட உங்களுக்கு யோக்கியதை இல்ல வார்ட். ஏன்னு என் வாயால சொல்லணுமா?"

வார்ட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பனி, பால்காரர், நசுங்கிய முன்பக்கம்.

டில்மன் விழித்தார்.

"பால்காரரா? போட்டிக் கம்பெனி சிகரெட்டை நீங்க காரில பிடிச்சதை எங்க ஆள் பார்த்துட்டார். நான் அதைக் கேக்க வந்தேன்."

டில்மன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இடிச்சப்ப உங்க வாயில இருந்தது எது?"

வார்ட் தலை குனிந்தார். "அவங்களோடதுதான் சார்."

டில்மனின் முகம் தெளிந்தது. பிடுங்கிய சிகரெட்டை வார்டின் உதட்டில் திரும்பச் செருகி, தானே தீக்குச்சியைக் கிழித்தார்.

"நல்ல வேளை. இனிமே எங்க போனாலும் நம்மளோடதையே பிடிங்க. கார் ஓட்டும்போது மட்டும் அவங்களோடதே இருக்கட்டும்."